"எந்தக் குறைபாடும் இல்லை" என்று பதில் எழுதியவர்களுக்கு

மாவட்ட அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளர் ஐயா அவர்களுக்கும், மகப்பேறு பிரிவுத் தலைமை மருத்துவர் அம்மா அவர்களுக்கும்,

என் மனுவுக்கு நீங்கள் அனுப்பிய பதில் போன வாரம் தபாலில் வந்தது. மொத்தம் நாலு வரி. "மனுவில் குறிப்பிடப்பட்ட நோயாளிக்கு உரிய சிகிச்சை அளிக்கப்பட்டு நல்ல நிலையில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். சிகிச்சையில் எந்தக் குறைபாடும் இல்லை. இடவசதி இன்மையால் தனி வார்டு ஒதுக்க இயலாது. மனு முடித்து வைக்கப்படுகிறது."

உங்கள் கோப்பில் அது முடிந்திருக்கலாம். எனக்கு முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரையும் ஊரையும் எழுதவில்லை. அங்கே என்னை நல்லபடியாகப் பார்த்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தலைவலி வரக்கூடாது. உங்களுக்கு நான் யாரென்று தெரியும், அது போதும்.

மனுவில் என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதியிருக்கவில்லை. என்னோடு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண் இந்த வருடம் கருக்கலைப்புக்காக உங்களிடம் வந்தபோது நடந்ததை மட்டும்தான் எழுதி, இப்படி வருகிறவர்களுக்குத் தனி வார்டு கேட்டிருந்தேன். அவளுக்குத் துணையாக உங்கள் வார்டில் இரண்டு ராத்திரி இருந்தேன். அவளுக்குக் கொடுத்தது 15-ம் கட்டில். 2023 ஆகஸ்டில் நான் படுத்திருந்தது 14-ம் கட்டில். அங்கே எதுவுமே மாறவில்லை என்று பார்த்த பிறகுதான் மனு எழுத உட்கார்ந்தேன். இப்போது என் கதையையும் சொல்கிறேன்.

எனக்கு அப்போது 27 வயது, 20 வாரக் கர்ப்பம். ஐந்தாம் மாத ஸ்கேன் எடுத்த டாக்டர் பேசிக்கொண்டே இருந்தார், கருவியைத் தலைப் பக்கம் கொண்டுபோனதும் பேச்சை நிறுத்திவிட்டார். அனென்செபாலி என்றார்கள். குழந்தையின் மண்டை ஓட்டின் மேல்பகுதியும் மூளையின் பெரும்பகுதியும் உருவாகவே இல்லை. கருத்தரித்து முதல் 4 வாரத்துக்குள், நாள் தள்ளிப்போனதையே நாம் சரியாகக் கவனித்திருக்காத நேரத்தில், மூளையும் தண்டுவடமும் உருவாகிற நரம்புக்குழாய் மேல்பக்கம் மூடாமல் விட்டுப்போவதால் வருவது இது. உயிரோடு பிறந்தாலும் சில மணி நேரமோ சில நாளோதான். மருந்து கிடையாது, ஆபரேஷனும் கிடையாது. மூன்றாம் மாத ஸ்கேனிலேயே தெரியக்கூடிய விஷயம் என்று பிறகு அறிந்தேன். எனக்கு அப்போது அந்த ஸ்கேனுக்குத் தேதியே கிடைக்கவில்லை. சரி, அது வேறு கதை.

கலைத்துவிடலாம் என்ற முடிவை நானும் என் கணவரும் அன்று ராத்திரியே போனில் பேசி எடுத்தோம். அந்த முடிவைப் பற்றி இன்றுவரை எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. இந்தக் கடிதத்தைக் காட்டி, "பாருங்கள், கருக்கலைப்பு என்றாலே இப்படித்தான் அவதி, அதனால் யாரும் பண்ணக்கூடாது" என்று என் பெயரில் யாரும் பேச வேண்டாம். நான் சொல்ல வருவது அது இல்லை.

மறுநாளே உங்கள் மருத்துவமனைக்கு வந்தேன். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். "வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார்கள். அவர் லாரி ஓட்டுகிறார். அன்றைக்கு லோடோடு நாக்பூர் பக்கம் இருந்தார். லோடை இறக்கிவிட்டு ஊர் வந்துசேர 4 நாள் ஆனது. வந்து கையெழுத்துப் போட்டதும், "இது 20 வாரத்துக்கு மேல போயிடுச்சு, குழு கூடணும்" என்றார்கள். ஆக மொத்தம் 9 நாள்.

1971-ல் வந்த கருக்கலைப்புச் சட்டத்தைப் பிற்பாடு உட்கார்ந்து படித்தேன். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு, மனநலக் குறைபாடு இல்லாதபட்சத்தில், அவள் ஒப்புதல் மட்டும் போதும். கணவர் கையெழுத்து என்று ஒன்று அந்தச் சட்டத்தில் கிடையாது. 2021 திருத்தத்துக்குப் பிறகு, கருவுக்கு இப்படிப்பட்ட குறைபாடு இருந்தால் 24 வாரம் வரைக்கும் 2 டாக்டர்களின் கருத்து போதும். மருத்துவக் குழு வேண்டியது 24 வாரத்தைத் தாண்டினால்தான். அப்படிக் குழுவுக்குப் போனாலும் 3 நாளுக்குள் அது பதில் சொல்ல வேண்டும், விண்ணப்பம் கொடுத்ததில் இருந்து 5 நாளுக்குள் சிகிச்சை முடிய வேண்டும் என்று அதே வருட விதிகளில் இருக்கிறது.

இதைப் படித்த அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. அந்த 9 நாளும் அது உள்ளே அசைந்துகொண்டிருந்தது. சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரத்தில், இடது பக்கம், மீன் வால் தட்டுவது மாதிரி. முதல் தடவை அந்த அசைவு தெரிந்தபோது நான்தான் எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னவள். இப்போது அசைந்தால் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தேன். யாருடைய வசதிக்காக அந்த 9 நாள் என்று கேட்கிறேன்.

அட்மிட் ஆனதும் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து, சில மணி நேரத்துக்கு ஒரு தரம் வேறு மாத்திரை வைத்தார்கள். வரப்போவது பிரசவ வலியேதான், அதே இடுப்பு வலி, அதே முக்கல், என்று ஒருவர்கூட முன்கூட்டிச் சொல்லவில்லை. தீட்டு வலியைவிடக் கொஞ்சம் கூட இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கணவரை உள்ளே விடவில்லை, மாடிப்படிக்குக் கீழே நின்றிருந்தார். கத்தினேன். "ஏம்மா, குழந்தை பெத்துக்குறவங்களே சும்மா இருக்காங்க" என்று ஒருவர் சொன்னார்.

என்னைப் படுக்க வைத்திருந்தது பிள்ளை பெற்றவர்கள் வார்டில். இந்தப் பக்கம் ஒரு குழந்தை, அந்தப் பக்கம் ஒரு குழந்தை. எதிர்க்கட்டில் பாட்டி எல்லாருக்கும் கல்கண்டு கொடுத்துக்கொண்டு வந்தார். என்னிடமும் நீட்டி, "உனக்கு என்னம்மா, பையனா பொண்ணா?" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. அந்த வார்டில் படுத்திருப்பவளிடம் வேறு என்ன கேட்பார்? சாயங்காலம், பிறந்த குழந்தைகளுக்குக் கொடுக்கும் பெட்டகத்தைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஆயாம்மா வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். 13-ம் கட்டிலுக்குக் கொடுத்தார். என் கட்டிலுக்கு வந்து கேஸ் ஷீட்டைப் பார்த்தார். எடுத்த பெட்டியைத் திரும்ப வண்டியில் வைத்துவிட்டு 15-க்குப் போனார்.

கரு வெளியே வந்ததும் ஒரு மஞ்சள் பையில் போனது. உயிர்மருத்துவக் கழிவு விதிகள் 2016-ன்படி, வெளியே உயிர் வாழும் வளர்ச்சியை எட்டாத கரு மஞ்சள் பிரிவில்தான் சேரும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். தொற்று பரவாமல் இருக்க அந்த விதி வேண்டும், புரிகிறது. ஆனால் நான் "பாக்கணும்" என்று கேட்டேன். "பாத்தா கனவுல வரும், வேணாம், தலைய திருப்பிக்கோ" என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். பார்க்கவில்லை. ஆனாலும் கனவில் வந்தது, மாதக்கணக்கில், முகம் இல்லாமல். என்னைப் போலப் பார்க்க விரும்புகிறவர்களும் இருப்பார்கள், வேண்டாம் என்கிறவர்களும் இருப்பார்கள். கேட்டுவிட்டு அதன்படி செய்ய ஒரு நிமிடம் ஆகுமா?

இரண்டாம் நாள் டிஸ்சார்ஜ். தாளில் "அபார்ஷன், ஜெனரல் கண்டிஷன் குட்" என்று இருந்தது. கையில் மூன்று பட்டை மாத்திரை. "ஒரு வாரம் கழிச்சு வந்து காட்டு" என்றதோடு சரி.

மூன்றாம் நாள் விடியற்காலை எழுந்தபோது நைட்டியின் முன்பக்கம் நனைந்திருந்தது. காய்ச்சல் வியர்வை என்று நினைத்தேன். விளக்கைப் போட்டுப் பார்த்தால் பால். மார்பு இரண்டும் கல்லாகக் கட்டிக்கொண்டு, கையைத் தூக்க முடியாத வலி. ஐந்தாம் மாதத்தில் கரு போனாலும் பால் சுரக்கும் என்பது எனக்குத் தெரியாது. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும், அதுவரைக்கும் பாலைத் தடுத்து வைத்திருந்த ஹார்மோன் இறங்கிவிடும், பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று உடம்புக்குத் தெரியாது. ஆரம்பத்திலேயே கொடுத்தால் பாலை நிறுத்த மாத்திரை இருக்கிறது. அதை எனக்குத் தரவில்லை. இப்படி வரும் என்ற ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு அத்தைதான் பால் வற்ற மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொன்னார். நம் பக்கம் காலங்காலமாகச் செய்வது. வேலூரில் 1980-களில் டாக்டர்களே இதை ஆராய்ந்து பார்த்து, பலன் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். என் கணவர் காலை ஐந்தரை மணிக்குப் பூ மார்க்கெட்டுக்குப் போய் 6 முழம் வாங்கிக்கொண்டு வந்தார். பூக்கார அக்கா, "என்ன தம்பி, காலையிலயே, வீட்ல விசேஷமா?" என்று கேட்டாராம். "ஆமாக்கா" என்று சொல்லிவிட்டு வந்தாராம். இதை அவர் என்னிடம் சொன்னது ஒரு வருடம் கழித்து. மூன்று நாள் அந்தப் பூவை வைத்துக் கட்டிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் எனக்கு மல்லி வைத்துக்கொள்ள முடியவில்லை. விசேஷ வீடுகளுக்குக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு போகிறேன்.

ஒன்பதாம் நாள் வேலைக்குப் போனேன். பில் போடும் இடத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டும். கருக்கலைப்புக்குப் பிறகு 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்று 1961-ன் மகப்பேறு நலச் சட்டம் சொல்லியிருந்தது. அதைத் தனக்குள் எடுத்துக்கொண்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த 6 வாரம் அப்படியே இருக்கிறது. மருத்துவச் சான்று காட்டினால் போதும். அப்போது எனக்குத் தெரியாது, என் முதலாளிக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய ஒரே இடம் உங்கள் வார்டு.

பதினோராம் நாள் குளிர் காய்ச்சல், கெட்ட வாடை, உதிரம் திரும்ப அதிகமானது. உள்ளே நஞ்சுத் துண்டு தங்கியிருந்தது என்று தனியார் டாக்டர் சொன்னார். 9,000 ரூபாய் ஆனது. உங்களிடம் திரும்ப வர எனக்குத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பேடு வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாடை வந்தாலோ, வயிற்று வலி தாங்க முடியாமல் போனாலோ உடனே வா என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தால், அதற்கு முந்தின நாளே எங்கேயாவது போயிருப்பேன். அன்றைக்கு வந்த வாடையை மாத்திரையால் வருவது என்று நினைத்துவிட்டேன்.

உடம்பு ஒரு மாதத்தில் தேறியது. மனசு தேறவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு முழித்துக்கொள்வேன். ஸ்கேன் சென்டர் இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். ஏழாவது மாதம் ஆகியிருக்க வேண்டிய சமயத்தில் சுகாதார செவிலியர் போன் பண்ணி, "அக்கா, செக்கப்புக்கு வரவே இல்லையே" என்றார். கர்ப்பிணிகள் பதிவில் என் பெயர் அப்படியே இருந்திருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் அழுதுவிட்டாள், நான்தான் சமாதானம் சொன்னேன். டிசம்பர் 22 பிரசவத் தேதி என்று குறித்துக் கொடுத்திருந்தீர்கள். அன்றைக்கு விடுமுறை கேட்டேன். எதற்கு என்று கேட்டார்கள். சொல்லத் தெரியவில்லை.

என் கணவரைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் அவரை யாருமே ஒன்றும் கேட்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே நின்ற மனிதனிடம் ஒருவர் வந்து, "ரத்தம் வாங்கிட்டு வா", "இந்த சீட்டைக் கட்டிட்டு வா" என்றதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. ஒன்றரை வருடம் கழித்து ஒருநாள் ராத்திரி திடீரென்று கேட்டார்: "அன்னைக்கு பாலத்துக்கிட்ட ஸ்பீட் பிரேக்கர்ல வண்டிய தூக்கிப் போட்டேனே, அதனாலயா?" மூன்றாம் மாதம் பைக்கில் போனபோது நடந்தது அது. அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டே அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் லாரி ஓட்டியிருக்கிறார். நான் பப்பாளி தின்றதாலோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் 4 வாரத்திலேயே நடந்து முடிந்த ஒன்று, இரண்டும் காரணம் இல்லை என்று ஒரு டாக்டர் இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல ஒரு நாற்காலியும் பத்து நிமிடமும் உங்களிடம் இருந்திருக்காதா?

இன்னொன்றும் சொல்லாமல் விட்டீர்கள். இப்படி ஒரு தடவை ஆனவர்கள் அடுத்த தடவை கருத்தரிப்பதற்கு முன்பே, வழக்கமான அளவைவிடக் கூடுதலாக ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிட ஆரம்பிக்க வேண்டும். கர்ப்பம் உறுதியான பிறகு தொடங்கினால் நேரம் கடந்துவிடும். கருக்கலைப்பு முடிந்து இரண்டு வாரத்துக்குள்ளேயே திரும்பக் கருத்தரிக்கவும் முடியும். இவ்வளவும் தெரிந்தவர்கள் நீங்கள், தெரியாதவள் நான். இதைத் தனியார் டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது 15-ம் கட்டில். அவள் காரணம் வேறு. கணவர் விட்டுப்போய்விட்டார், இரண்டு பிள்ளைகள், 11 வாரம். அவளிடமும் கணவர் கையெழுத்து கேட்டீர்கள். எங்கே இருக்கிறார் என்றே தெரியாத ஆளிடம் எப்படிக் கையெழுத்து வாங்குவாள்? கடைசியில் அவள் அண்ணனைக் கூட்டி வந்து போட வைத்தார்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டால்தான் கலைப்போம் என்றார்கள். அப்படி ஒரு நிபந்தனை சட்டத்தில் எங்கும் இல்லை. பண்ணிக்கொள்வதா வேண்டாமா என்பது அவள் யோசித்துச் சொல்ல வேண்டியது, வலியோடு மேசையில் கிடக்கும்போது கேட்கிற கேள்வி இல்லை. வலி மருந்து பிடிப்பதற்கு முன்பே டி அண்ட் சி, அதாவது கருப்பையைச் சுரண்டி எடுக்கும் முறை, தொடங்கினார்கள். அந்த முறையைக் கைவிட்டு உறிஞ்சி எடுக்கும் முறைக்கு மாறுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவள் கத்தியதற்கு, "வாங்கிக்கும்போது நல்லா இருந்துச்சா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. கதவுக்கு வெளியே நின்றிருந்த எல்லார் காதிலும் விழுந்தது.

அன்று ராத்திரி அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். நான் என் அனுபவத்தை வைத்து ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். அவள் சொன்னாள்: "கலைச்சதுக்கு நான் அழலக்கா. அது எனக்கு நிம்மதிதான். அவங்க பேசினதுக்குத்தான் அழறேன்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கருக்கலைப்பு என்றால் எல்லாருக்கும் என்னைப் போலத்தான் இருக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் கருக்கலைப்புக்காகப் போன ஏறக்குறைய 1,000 பெண்களை 5 வருடம் தொடர்ந்து விசாரித்து ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். கலைத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் அதிகமாகச் சொன்ன உணர்வு நிம்மதி. முடிவு சரிதான் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆசையாகச் சுமந்த குழந்தையைக் குறைபாட்டால் இழப்பவர்களுக்கு வரும் துக்கம் வேறு, அது பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம். ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் இரண்டும் இருக்கும். ஒருத்திக்கு அழ இடம் வேண்டும். இன்னொருத்திக்கு அழாமல் இருப்பதற்கு யாரும் ஏசாமல் இருக்க வேண்டும். உங்கள் வார்டில் இரண்டுமே இல்லை.

அங்கே இன்னொரு பெண்ணையும் பார்த்தேன். கல்யாணம் ஆகாதவள், 20 வயதுகூட இருக்காது. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டு, உதிரம் நிற்காமல் வந்திருந்தாள். இந்தியாவில் 2015-ல் நடந்த கருக்கலைப்புகள் சுமார் 1 கோடியே 56 லட்சம், அதில் நாலில் மூன்று பங்கு மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏன் வெளியே வாங்கினாள் என்று அவளைக் கேட்டுக் கேட்டுத் திட்டினீர்கள். நீங்கள் திட்டுவீர்கள் என்று தெரிந்துதான் வெளியே வாங்கியிருக்கிறாள். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் இந்தச் சட்டத்தில் அதே உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்புச் சொன்னது. குடும்பத்தார் சம்மதம் போன்ற சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் போடக்கூடாது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அவள் பெயரும் விவரமும் ரகசியமாக இருக்க வேண்டும், வெளியே சொன்னால் ஒரு வருடம் வரை சிறை என்று சட்டத்திலேயே இருக்கிறது. அவள் கதை முழுக்க அந்த வார்டில் கூட்டிப் பெருக்குகிறவர் வரைக்கும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு நர்ஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2023-ல் ராத்திரி டியூட்டியில் இருந்தவர். எனக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் நடுவே பெட்ஷீட் ஒன்றைக் கயிறு கட்டித் தொங்கவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். எழுந்து போகும்போது சொன்னார்: "இந்த மாதிரி கேஸ் பார்த்துட்டு வீட்டுக்குப் போனா எனக்கும் சோறு இறங்காது தங்கம். எங்களை யாரு கேக்குறா." காலை ரவுண்டுக்கு முன்னால் அந்தப் பெட்ஷீட்டைக் கழற்றச் சொல்லி யாரோ அவரைச் சத்தம் போட்டார்கள்.

நோயாளிகளிடம் கடுமையாகப் பேசுகிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு ஷிப்டில் எத்தனை பிரசவம் பார்க்கிறார்கள் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து மரத்துப்போக விட்டது யார்? அதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இனி நான் கேட்பது.

தனி வார்டு கேட்டதற்கு இடம் இல்லை என்றீர்கள். சரி, வார்டு வேண்டாம். வார்டின் ஒரு மூலையில் இரண்டு கட்டிலும், கூரையில் இருந்து தொங்கும் திரையும் கொடுங்கள். அல்லது மகளிர் நோய்ப் பிரிவில், குழந்தைகள் இல்லாத இடத்தில் படுக்க வையுங்கள். கருவை இழந்தவளோ கலைத்துக்கொண்டவளோ பிள்ளை பெற்றவர்களுக்கு நடுவே படுக்கக் கூடாது. அந்தக் கட்டிலுக்கு ஓர் அடையாள அட்டை மாட்டினால், பெட்டகம் கொண்டு வரும் ஆயாம்மாவும் கேஸ் ஷீட்டைப் பார்த்துத் தடுமாற வேண்டியதில்லை.

கணவர், அண்ணன், அப்பா கையெழுத்துக் கேட்பதை நாளையில் இருந்தே நிறுத்துங்கள். 24 வாரத்துக்கு உட்பட்டவர்களைக் குழுவுக்காகக் காக்க வைக்காதீர்கள். ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டால்தான் கலைப்போம் என்று சொல்லாதீர்கள். இந்த மூன்றையும் சுற்றறிக்கையாக எழுதி, நோயாளிகள் கண்ணில் படும்படி வெளி நோயாளிகள் பிரிவில் தமிழில் ஒட்டுங்கள்.

வலியைப் பற்றி முன்பே சொல்லுங்கள், வலி மருந்து பிடித்த பிறகு தொடங்குங்கள். 16 வாரத்துக்கு மேல் போனவர்களுக்குப் பால் கட்டுவதைப் பற்றிச் சொல்லி, தகுந்தவர்களுக்கு மாத்திரை கொடுங்கள். பார்க்க விரும்புகிறாயா என்று கேளுங்கள். துணைக்கு வந்தவரை, அவர் கணவரோ அம்மாவோ யாராக இருந்தாலும், வீட்டுக்கு அனுப்பும் முன் நோயாளியின் சம்மதத்தோடு பத்து நிமிடம் உட்கார வைத்து, ஏன் நடந்தது, எதனால் நடக்கவில்லை என்று சொல்லுங்கள். மருத்துவக் குழு வழியாக வரும் கருக்கலைப்பு உரிய ஆலோசனையோடு நடக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. மற்றவர்களுக்கு மட்டும் அது எதற்காக மறுக்கப்பட வேண்டும்?

டிஸ்சார்ஜ் தாளோடு ஒரு பக்கத் துண்டுத் தாள் கொடுங்கள். ஆபத்து அறிகுறிகள், திரும்ப வர வேண்டிய நாள், 6 வார விடுப்பு உரிமை, அடுத்த கர்ப்பத்துக்கு முன் என்ன செய்ய வேண்டும், மனசு தாங்காதபோது கூப்பிட 14416 என்ற மனநல உதவி எண். இவ்வளவுதான். அதை நானே எழுதி, எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் சரிபார்த்து வைத்திருக்கிறேன், இந்தக் கடிதத்தோடு உங்களுக்கு அனுப்புகிறேன். இரண்டு வாரம் கழித்து ஒரு போன் பண்ணி எப்படி இருக்கிறாய் என்று கேட்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அதே நாளில் கர்ப்பிணிகள் பதிவிலும் திருத்தம் போட்டுவிட்டால், ஏழாம் மாதம் ஒரு செவிலியர் போனில் அழ வேண்டி இருக்காது.

உங்கள் நர்ஸ்களுக்கும் ஆயாம்மாக்களுக்கும் மாதம் ஒரு தடவையாவது ஒரு மனநல ஆலோசகரோடு உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்குங்கள். அந்தப் பெட்ஷீட் கட்டியவர் இன்னும் உங்களிடம்தான் வேலை பார்க்கிறார். என்ன செய்ய வேண்டும் என்று முதலில் அவரைக் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்லுவார்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று 30 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். நேரில் கூப்பிட்டாலும் வருகிறேன். 15-ம் கட்டிலில் இருந்தவளும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
2023 ஆகஸ்டில் 14-ம் கட்டிலில் இருந்தவள்